விடைக்கு இரண்டு புள்ளி, வழிக்கு எட்டுப் புள்ளி

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே பேசவேண்டும் என்று என்னைக் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். நான் கதை எழுதியவன் அல்லன். கவிதை பாடியவனும் அல்லன். 1969ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை, முப்பத்தாறு வருடங்கள், யாழ்ப்பாணத்தில் ஆண்கள் பாடசாலையொன்றிலே கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். “கணக்கு வாத்தியாருக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை?” என்று என் மனைவியே கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால், நேயர்களே, எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்களாகச் சேர்த்துச் சொன்ன வள்ளுவர், எண்ணைத்தான் முதலில் வைத்தார். எங்கள் மண்ணிலும் இவ்விரண்டும் ஒரு காலத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவைதாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு முதன்முதலாகப் பட்டதாரிகளைத் தெரிந்தபோது சித்தியடைந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளிலே, 1887இல், கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவர் 1855ஆம் ஆண்டிலேயே வீசகணிதம் என்ற பெயரில் அட்சரகணித நூலொன்றைத் தமிழில் எழுதி வெளியிட்டவர். இருவரும் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்தவர்கள். கலித்தொகையும் வீசகணிதமும் ஒரே கல்விக்கூடத்தின் வாசலால் வெளியே வந்தன என்பதை நினைக்கும்போது, இந்த ஒலிவாங்கியின் முன்னால் இருக்க எனக்கும் சிறிது துணிவு வருகின்றது.

இன்று நான் சொல்லப்போவது ஒரு கிழமையின் கதை. பாடசாலைக் கிழமை. திங்களிலே தொடங்கி, எனக்கு இன்னமும் முழுதாக முடியாமல் இருக்கும் ஒரு கிழமை.

ஆண்கள் பாடசாலையிலே கிழமை என்பது ஒரு தாளம். வாசலிலே கட்டித்தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் ஓர் இரும்புக் கம்பியால் அடிக்கும் ஓசையோடு அந்தத் தாளம் தொடங்கும். திங்கட்கிழமை காலையில் பொதுப் பிரார்த்தனை, அதிபரின் அறிவுரை, அதன் பின்னர் வரவுப் பதிவேடு. நாற்பத்திரண்டு பெயர்களை வாசித்து, நாற்பத்திரண்டு விதமான “பிரசன்னம்” கேட்டு முடிக்கும்போது முதற்பாடத்தில் பத்து நிமிடம் போய்விடும். திங்களன்று அட்சரகணிதம். ஞாயிற்றுக்கிழமையின் கிரிக்கெற் இன்னும் கால்களில் இருக்கின்ற பையன்களை இருபடிச் சமன்பாட்டுக்குள் இறக்குவது இலேசான காரியம் அல்ல. செவ்வாயில் எண்கணிதம்: வட்டி, இலாப நட்டம், வேலையும் காலமும். புதனில் கேத்திரகணிதம். வியாழன் பிற்பகலில் மடக்கை வாய்பாடு. மூன்று பேருக்கு ஒரு வாய்பாட்டுப் புத்தகம். வெயிலிலே ஓட்டுக்கூரை வெந்துகொண்டிருக்க, பக்கங்கள் புரளும் ஓசை மட்டும் கேட்கும். நித்திரை கொள்ளாமல் வியாழன் ஐந்தாம் பாடத்தைத் தாண்டும் மாணவனுக்கு மடக்கை வராவிட்டாலும் பொறுமை வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை தேவாரமும் பூசையும். கைநிறைய அவல், கடலை. கடைசிப் பாடத்தில் எனது கிழமைச் சோதனை. இரண்டு கணக்கு, இருபது புள்ளி. அந்தத் தாள்களைச் சனி, ஞாயிறுகளில் திருத்தித் திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பேன். ஆக, எனது கிழமை வெள்ளியிலே முடிவதில்லை. வெள்ளியிலேதான் கேள்வி கேட்கும்.

புள்ளி இடுவதில் எனக்கொரு விதி இருந்தது. அதை முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவேன். ஒவ்வொரு கணக்குக்கும் பத்துப் புள்ளி. விடைக்கு இரண்டு புள்ளி. வழிக்கு எட்டுப் புள்ளி. கூட்டிப் பெருக்குவதில் தவறி விடை பிழைத்தாலும், வழி சரியாக இருந்தால் எட்டு வாங்கலாம். விடை மட்டும் இருந்து வழி இல்லாவிட்டால் இரண்டுதான். அந்த விடை பக்கத்து வாங்கில் இருந்து வந்தது என்று தெரிந்தால் அதுவும் இல்லை.

இந்த விதியை இலக்கிய நேயர்கள் நன்றாக விளங்கிக்கொள்வீர்கள். கேத்திரகணிதத்திலே ஒரு தேற்றத்தை நிறுவும்போது நாங்கள் நான்கு தலைப்புகளை இடுவோம்: தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல். இது நல்லதொரு கட்டுரையின் அமைப்புத்தான். எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்த பண்டிதர் ஒருவர் இருந்தார். ஆசிரியர் ஓய்வறையில் எனக்கு எதிர்க்கதிரை அவருடையது. “உங்கடை பெடியள் என்ரை கட்டுரையிலை காரணம் இல்லாமல் ‘ஆகவே’ போடுறாங்கள்” என்று அவர் என்னிடம் முறையிடுவார். “என்ரை நிறுவலிலையும் அப்படித்தான் போடுறாங்கள் ஐயா” என்று நான் சொல்லுவேன். ‘ஆகவே’ என்ற சொல்லைப் போடுவதற்கு ஒருவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்பதுதான் கணிதம். அந்த உரிமையில்லாமல் நானே அதைப் போட்ட நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லவேண்டும்.

எழுபதுகளின் முற்பகுதி, இரண்டாம் தவணை. நான் ஆசிரியனாகிச் சில வருடங்களே, இளம் வயது. கையில் பிரம்பும் மனத்திலே நிச்சயமும் இருந்த வயது. பத்தாம் வகுப்பு வெள்ளிக்கிழமைச் சோதனைக்கு நான் இரண்டு கணக்குகள் கொடுத்திருந்தேன். முதலாவது, சுவரிலே சாத்திய ஏணி. ஏணியின் நீளம் 10 அடி. அதன் அடி சுவரிலிருந்து 6 அடி தள்ளி நிற்கிறது. நுனி எவ்வளவு உயரத்தில் சுவரைத் தொடும்? இரண்டாவது, வட்டக் கிணறு. வாயின் சுற்றளவு 44 அடி. வாயின் பரப்பளவு என்ன?

ஞாயிற்றுக்கிழமை இரவு திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளிலே பெயரும் இரண்டு எண்களும் மட்டும் இருந்தன. முதலாவதற்கு 8. இரண்டாவதற்கு 154. இரண்டும் சரி. ஆனால் ஒரு வரி வழி இல்லை. வர்க்கம் இல்லை, வர்க்கமூலம் இல்லை, ஆரை காணவில்லை. பின்வாங்கில் இருக்கும் பையன். அதிகம் பேசாதவன். கிழமையில் ஒருநாள் இரண்டுநாள் வராமலும் விடுபவன். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் வகுப்பிலே கெட்டிக்காரர்களில் ஒருவன். அவனுடைய தாளை ஏற்கெனவே திருத்திக் கட்டின் அடியில் வைத்துவிட்டேன். எனக்கு ஒரு கணப்பொழுதிலே எல்லாம் விளங்கிவிட்டது. பார்த்து எழுதியிருக்கிறான், ஆகவே வழி இல்லை. இரண்டு முட்டைகளைப் போட்டேன்.

திங்கட்கிழமை அவனை முன்னுக்குக் கூப்பிட்டேன்.

“வழி எங்கை?”

“இல்லை சேர்.”

“ஆரைப் பாத்து எழுதினனி?”

“நான் பாத்து எழுதேல்லை சேர்.”

“அப்ப விடை எப்படி வந்தது?”

அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான். பிறகு, “அது அப்பிடித்தான் வரும் சேர்” என்றான்.

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கையை நீட்டச் சொன்னேன். இரண்டு அடி. அவன் அழவில்லை. போய்த் தன்னுடைய இடத்தில் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. புதன் வரவில்லை. வியாழனும் இல்லை. இடையிடையே வராதவன்தானே என்று பதிவேட்டிலே அடையாளமிட்டுக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு அந்தக் கெட்டிக்காரப் பையன் தன் தாளோடு ஓய்வறை வாசலுக்கு வந்தான். “சேர், கிணத்துக் கணக்கிலை நான் விட்ட பிழை என்ன?” என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். சுற்றளவு 44 என்றால் விட்டம் 14. சரியாகக் கண்டுபிடித்திருக்கிறான். அதன் பின்னர் ஆரை 7 என்று எடுப்பதற்குப் பதிலாக விட்டத்தையே வர்க்கித்து, 22இன் கீழ் 7ஆல் பெருக்கியிருக்கிறான். விடை 616. வழமையாகப் பையன்கள் விடுகின்ற பிழை. நானே சிவப்பு மையினால் சுழித்து, எட்டுக்கு ஐந்து கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து வாங்கில் 616 என்று இருக்கும்போது, பார்த்து எழுதியவனுக்கு 154 எப்படி வரும்?

நேயர்களே, அந்த இரண்டு தாள்களும் ஞாயிறு இரவு ஒரே மேசையில்தான் இருந்தன. கட்டின் அடியிலிருந்து ஒன்றை இழுத்து மற்றதன் அருகே வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாற்பத்திரண்டு பேரிடம் வழி எங்கே, வழி எங்கே என்று கேட்டவன், ஒரு பிள்ளை கள்ளன் என்ற முடிவுக்கு வழி இல்லாமலே வந்திருக்கிறேன். எனது விதியின்படி எனக்குக் கிடைக்கவேண்டிய புள்ளி பூச்சியம். அதிலே விடையும் பிழை.

சனிக்கிழமை காலையிலே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவனுடைய ஊருக்குப் போனேன். கிடுகு வேலி, படலை சாத்தியிருந்தது. தாயார் வெளியே வந்து, “அவையள் ரண்டு பேரும் வேலைக்குப் போட்டினம் மாஸ்ரர். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். தகப்பன் மேசன் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பதிவேட்டில் தகப்பனின் தொழில் எழுதப்பட்டுத்தான் இருந்தது, நான் வாசிக்கவில்லை.

நாலு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு நிலம் அடையாளமிட்டுக்கொண்டிருந்தார்கள். தகப்பன் ஒரு தடியை ஊன்றி நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் மூலையிலிருந்து ஒரு நூலில் மூன்று அடி அளந்து முடிச்சிட்டான். மற்ற நூலில் நாலு அடி அளந்து முடிச்சிட்டான். பின்னர் முடிச்சிலிருந்து முடிச்சுக்கு அளவுநாடாவைப் பிடித்தான். ஐந்து அடிக்குக் கொஞ்சம் கூட. “உள்ளுக்கு எடுங்கோ அப்பா” என்றான். தகப்பன் தடியைச் சற்று நகர்த்தினார். மறுபடி பிடித்தான். ஐந்து. “மூலைமட்டம் சரி” என்று சொல்லி ஆப்பை அடித்தான்.

ஆறும் எட்டும் பத்தும் என்பது அதன் இரட்டிப்புத்தானே. என்னுடைய ஏணியை அவன் நாளாந்தம் நிலத்திலே படுக்கவைத்துக் கொண்டிருந்திருக்கிறான். எட்டு என்று எழுதுவதற்கு அவனுக்கு வர்க்கமூலம் எதற்கு?

“கிணத்துக் கணக்கு?” என்று கேட்டேன். பையன் பேசவில்லை. தகப்பன்தான் சொன்னார். “அது என்ரை அப்பு சொல்லித்தந்தது மாஸ்ரர். சுத்தளவிலை பாதி, குறுக்களவிலை பாதி, ரண்டையும் பெருக்கினாச் சரி. கிணத்துக்கு மூடி போடேக்கை, வட்டக் கட்டுக்குச் சீமெந்து பூசேக்கை நாங்கள் அப்பிடித்தான் கணக்குப் பாக்கிறது.” சுற்றளவு 44இல் பாதி 22. விட்டம் 14இல் பாதி 7. இருபத்திரண்டேழு நூற்றைம்பத்து நாலு. ஆரையை வர்க்கிக்கவும் இல்லை, அந்தப் பின்னத்தால் மறுபடி பெருக்கவும் இல்லை. எனது கெட்டிக்காரப் பையன் விழுந்த பள்ளம் இந்த வழியிலே கிடையவே கிடையாது.

“அவன் களவெடுக்கிற பிள்ளை இல்லை மாஸ்ரர்” என்றார் தகப்பன். குரலிலே கோபம் இல்லை. “நீங்கள் அடிச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அவன்தான் இனிப் போகேல்லை எண்டு நிக்கிறான்.”

பிழை என்னிடத்தில் என்று ஒரு வசனம் தொண்டைவரை வந்தது. ஒரு வாத்தியார், பையனுடைய தகப்பனுக்கு முன்னால், வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. “திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வா தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

சைக்கிளில் ஏறப்போகும்போது அவன் கேட்டான்: “சேர், மூண்டு, நாலு, அஞ்சு எண்டு பிடிச்சா ஏன் மூலைமட்டம் சரியா வருகுது?”

என் ஆசிரிய வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி. நாற்பத்தொரு பேர் தேற்றத்தைப் பாடமாக்கி ஒப்புவித்தார்கள். ஒருவனும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. அந்த இடத்திலேயே, அந்த மண்ணிலேயே, ஒரு தடியால் கீறிக் காட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. பதிலை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

“திங்கட்கிழமை வா. வகுப்பிலை சொல்லுறன்” என்றேன்.

அவன் வரவில்லை. அந்தத் திங்களும் வரவில்லை, அடுத்த திங்களும் வரவில்லை. தவணை முடிவில் அவனுடைய பெயரைச் சிவப்பு மையினால் பதிவேட்டிலிருந்து வெட்டினேன். வகுப்பாசிரியன் நான்; வேறொருவர் வெட்ட முடியாது.

அந்தத் திங்கட்கிழமையே கிணற்று விதியைப் பற்றிப் பண்டிதரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, காரிநாயனாருடைய கணக்கதிகாரத்தில் அந்த விதி செய்யுளாகவே இருக்கிறது என்று சொல்லி, அதை முழுதாக ஒப்புவித்தார். அந்த மேசனுடைய அப்பு ஏடு வாசித்தாரோ இல்லையோ, ஏட்டில் இருந்தது அவருடைய கையில் இருந்திருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவன். எனக்கு அந்த நூலின் பெயர்கூடத் தெரியாது. எங்கள் ஆசிரியர்கள் ஆங்கிலத்திலே கற்றவர்கள். நாங்கள் தமிழிலே படிப்பிக்கத் தொடங்கியபோது அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களைத் தந்தது. ஆரை, செம்பக்கம், மடக்கை, தொகையீடு என்று நல்ல சொற்கள். அவற்றைக் கொண்டு நாங்கள் நன்றாகவே படிப்பித்தோம். ஆனால் சொற்களுக்கு முன்னரே ஊரிலே கணக்கு இருந்தது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன்பின் எனது வெள்ளிக்கிழமையை மாற்றினேன். சோதனையை வியாழனுக்குத் தள்ளினேன். வெள்ளி கடைசிப் பாடத்திற்கு ஒரு புது ஒழுங்கு: வீட்டிலோ தோட்டத்திலோ கடலிலோ பயன்படுகின்ற ஒரு கணக்கை, வழி இல்லாமல், ஒரு மாணவன் கொண்டுவர வேண்டும். அது ஏன் சரி, அல்லது ஏன் பிழை என்று எல்லோருமாகத் தேடவேண்டும். பையன்கள் அதற்கு ‘ஏன் பாடம்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் வெள்ளியே கிணற்று விதியை எடுத்தோம். கடதாசியில் ஒரு வட்டத்தை வெட்டி, அப்பத்தைப் பங்கிடுவதுபோல் பதினாறு துண்டாக்கி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாற்றி அடுக்கினால் ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் வரும். அதன் நீளம் பரிதியில் பாதி. உயரம் விட்டத்தில் பாதி. துண்டுகளை இன்னும் ஒடுக்கமாக வெட்ட வெட்ட, நீள்சதுரம் இன்னும் நேராகும். ஒரு பையன் “ஆ!” என்று சத்தமாகச் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது.

கணக்கதிகாரத்தில் பலாப்பழத்துக்கும் ஒரு விதி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் தொகை வரும் என்பது அது. ஒரு வெள்ளிக்கிழமை ஒருவன் பலாப்பழத்தோடேயே வந்துவிட்டான். எண்ணினோம், பெருக்கினோம், வகுத்தோம், வெட்டினோம். விடை கிட்ட வந்தது, சரியாக வரவில்லை. கிணற்று விதி எந்தக் கிணற்றுக்கும் பொய்க்காது, பலா விதி பழத்துக்குப் பழம் மாறும்; இரண்டையும் ஒரே நூல் ஒரே தொனியில் சொல்லுகிறது. எது நிறுவக்கூடியது, எது அனுபவத்தில் மதிப்பிட்டது என்று பிரித்தறிவதற்குத்தான் வழி வேண்டும் என்பது அன்றைக்குப் பையன்களுக்கு விளங்கியது. பழமும் அந்தப் பாடத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இராமானுஜனை நான் நினைப்பதுண்டு. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியின் மாணவர். ஆயிரக்கணக்கான முடிவுகளை நிறுவலைப் பெரும்பாலும் சுருக்கியும் விட்டும் அடுக்கிய கார் என்பவரின் நூல் ஒன்றுதான் அவருக்குப் பெருந்துணை. கடதாசி விலை கூடியதென்று சிலேற்றிலே கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் கைக்குப் போனபோது, அதுவும் வழியில்லாத விடைகளின் பட்டியல்தான். ஹார்டி அதைக் குப்பையிலே போட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்து பார்த்தார்; பிறகு நிறுவல் எங்கே என்று கேட்டார். பிரம்போடு கேட்கவில்லை. எனது பின்வாங்குப் பையன் இராமானுஜன் என்று நான் சொல்ல வரவில்லை. வழியில்லாத விடையைக் கண்டால் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதியை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் திரியையும் வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பையன்கள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவிலே வானொலி கேட்ட காலம் அது. கொப்பிக்குத் தட்டுப்பாடு. கடதாசியை மிச்சம் பிடிப்பதற்காகப் பையன்கள் வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதத் தொடங்கினார்கள். முன்பென்றால் புள்ளியை வெட்டியிருப்பேன். இப்போது முற்றத்து மணலில் விரலால் எழுதச் சொன்னேன். அல்லது வாயால் சொல்லச் சொன்னேன். வழியைக் கேட்டுவிட்டு எட்டுப் புள்ளியையும் கொடுத்தேன். வழி கடதாசியில்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, என்னுடைய திருத்திய தாள்கள் எல்லாம் வீட்டோடு நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையும் இல்லை; தாள்களும் இல்லை.

வீட்டைச் சிறுகச் சிறுகத்தான் திருத்த முடிந்தது. 2011ஆம் ஆண்டில்தான் தரைக்கு ரைல்ஸ் பதிப்பதற்குக் கையிலே காசு சேர்ந்தது. நல்ல மேசன் ஒருவர் இருக்கிறார் என்று அயலவர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். தலை நரைத்த மனிதர். வந்ததும் விறாந்தையின் மூலைக்குப் போய், நூலைப் பிடித்து, மூன்று, நாலு அளந்து, ஐந்தைப் பிடித்துப் பார்த்தார். “மூலை கொஞ்சம் விலத்தி நிக்குது சேர்” என்றார்.

‘ஐயா’ என்று சொல்லவில்லை. ‘சேர்’ என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“திங்கட்கிழமை சொல்லுறன் எண்டனீங்கள்” என்றார் அவர்.

எத்தனை வருடம், நேயர்களே.

முற்றத்தில் ஓரடிச் சதுர ரைல்ஸ் இறக்கி அடுக்கியிருந்தது. “ஏழுக்கு ஏழாக நிலத்தில் பரப்பும்” என்றேன். நாற்பத்தொன்பது துண்டுகள். அவர் பரப்பினார். நீங்களும் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும், சுற்றிவரும் திசையிலே, மூலையிலிருந்து மூன்று அடியில் ஒரு புள்ளி. அந்த நாலு புள்ளிகளையும் வெண்கட்டியால் இணைத்தேன். நாலு மூலையிலும் நாலு முக்கோணி. ஒவ்வொன்றும் மூன்றடியும் நாலடியும் கொண்டது. ஒன்றின் பரப்பு பன்னிரண்டில் பாதி, ஆறு. நாலுக்கும் இருபத்துநாலு. நாற்பத்தொன்பதிலே இருபத்துநாலு போக நடுவில் எவ்வளவு?

“இருபத்தஞ்சு” என்றார்.

நடுவில் உள்ள உருவின் நாலு பக்கமும் சமன். அதன் மூலையைப் பாருங்கள் என்றேன். நேர்கோட்டிலே இரண்டு பக்கமும் நிற்கும் சிறு கோணங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு செங்கோணம். ஆகவே மிச்சமும் செங்கோணம். அதனால் அது சதுரம். இருபத்தைந்து பரப்புள்ள சதுரத்தின் பக்கம்?

அளவுநாடா அவருடைய கையிலே இருந்தது. அவர் அதை நீட்டவில்லை. “அஞ்சு” என்றார்.

சற்று நேரம் குந்தியிருந்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இது மூலை சரியெண்டா அஞ்சு வரும் எண்டல்லோ காட்டுது சேர். நாங்கள் செய்யிறது மற்றப்பக்கம். அஞ்சு வந்தா மூலை சரி எண்டு. அது எப்படி?”

தேற்றம் வேறு, அதன் மறுதலை வேறு. ஒன்றை நிறுவியதாலே மற்றது நிறுவப்பட்டதாகாது. உயர்தர வகுப்பிலே இதைக் கேட்டு நான் பலபேரை மடக்கியிருக்கிறேன். என்னை ஒருவரும் மடக்கியதில்லை. அன்று ரைல்ஸ் பதிக்க வந்தவர் மடக்கினார். அந்த ஒரு கேள்வியில், அன்று ஒரு திங்கட்கிழமை என் பிரம்பு எதை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியது என்பதை நான் முழுதாகக் கண்டேன்.

பதில் சொன்னேன். “மூண்டு சிலாகையை மூலையிலை ஆணி அடிச்சு முக்கோணமாக்கினா அது ஆடுமோ தம்பி?”

“ஆடாது. நாலெண்டாத்தான் ஆடும்.”

“ஆடாது. மூண்டு, நாலு, அஞ்சு நீளத்திலை ஒரு முக்கோணிதான் உண்டு. வேறை ஒண்டு செய்ய ஏலாது. மூலை சரியான முக்கோணிக்கு அந்த நீளம்தான் எண்டு இப்ப கண்டம். ஆகவே, அந்த நீளம் வந்தா அது இதுதான்.”

அவர் தலையை அசைத்தார். ‘ஆகவே’ என்ற சொல்லை அன்று நான் உரிமையோடுதான் போட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் ரைல்ஸைக் கழுவி அடுக்கினார். வெண்கட்டிக் கோடு போய்விட்டது. பின்னேரம் கூலியை எண்ணி வாங்கினார். படலையடியிலே நான் அந்த வசனத்தைச் சொன்னேன். “தம்பி, அண்டைக்குப் பிழை என்னிலைதான்.”

“தெரியும் சேர்” என்றார். சைக்கிளில் ஏறிப் போனார்.

இப்போது பாடசாலைகளில் பிரம்புக்கு அனுமதி இல்லை, நல்லது. ஆனால் விடையை மட்டும் பார்க்கின்ற அவசரம் போய்விடவில்லை. கைப்பேசியைத் தொட்டால் விடை வருகிறது; சில வேளைகளில் வழியும் சேர்ந்தே வருகிறது. அதனால் இன்று ஒரு பிள்ளை வழியில்லாமல் விடையோடு வந்து நின்றால், அதைச் சந்தேகிப்பது முன்னரைவிட இலகு. இந்த உரையைக் கேட்கும் இளம் ஆசிரியர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. சந்தேகியுங்கள், அது கணிதக்காரனின் தொழில். ஆனால் தீர்ப்புக்கு முன்னர் பக்கத்து வாங்கின் தாளையும் எடுத்து அருகிலே வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். ஒரு பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால், திங்கட்கிழமை வா என்று சொல்லாதீர்கள். அந்த மண்ணிலேயே கீறிக் காட்டுங்கள்.